கல் அறை, கல்லறை

இலக்கணப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாத ஒரு சொல், ஒரு வீட்டில் ஆக்கி வைத்த சோற்றை ஆறிப்போகச் செய்துவிட்டால், அதைச் சரியான சொல் என்று ஏற்றுக்கொள்ளலாமா? தமிழய்யாவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. கூடவே ஒரு பஸ்ஸும் வந்து நிற்கிறது. வடகரைக்கு முந்திய நிறுத்தம். ஆனி மாதச் சாரல். நாங்கள் இடிந்த கோட்டையின் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கண்டக்டர் படியில் தொங்கியபடி ஏதோ கூவினார். ஜன்னலோரத்தில் அரக்குச் சேலை கட்டிய ஓர் அம்மாள் எழுந்தார். எழுந்தவர், கண்டக்டரின் குரலைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரோடு வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். விசில் ஊதியது. பஸ் போய்விட்டது. எங்களுக்குப் பின்னால், கல் கூரையின் கீழ், கழுவித் துடைத்த வாழையிலைகள் அடுக்கியபடியே இருந்தன.

சீனச் சண்டை முடிந்த மறு வருடம் அது. பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு, வளர்ச்சி வட்டாரத்தில் முக்கிய சேவிகா என்ற பெயரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாதர் சங்கங்களையும் பாலர் பள்ளிகளையும் பார்வையிடுவது என் பொறுப்பு. ஒரு தையல் இயந்திரமும் ஒரு பால்பொடி டின்னும் ஒரு கிராமத்தின் தலைவிதியை மாற்றிவிடும் என்று மனமார நம்பிய வயது. தென்காசியில் தமிழய்யாவின் வீட்டை அடுத்த சிறு வீட்டில் குடியிருந்தேன். தெருவில் எல்லோருக்கும் நான் "சேவிகாம்மா".

அந்தக் கோட்டை மேட்டில் ஒரு பாலர் பள்ளி நடந்தது. அதன் டீச்சருக்கு இருபது வயதிருக்கும். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பிள்ளைகளை அதட்டாமலே உட்கார வைக்கத் தெரிந்தவள். அவளுடைய வீடு கோட்டைக்குள்ளேயே இருந்தது. கோட்டை என்று சொன்னால் இன்று வாசிப்பவர்கள் மதிலையும் கொத்தளத்தையும் கற்பனை செய்துவிடக்கூடும். அப்படி எதுவும் அங்கே மிஞ்சவில்லை. பாளையக்காரர் காலத்து மண்கோட்டை அது. மழையில் கரைந்து கரைந்து வெறும் மேடாகி, மேட்டின்மேல் ஆவாரஞ்செடி பூத்துக் கிடந்தது. தென்மேற்கு மூலையில் மட்டும் கருங்கல்லால் கட்டிய ஓர் அறை முழுசாக நின்றது. வெடிமருந்து நனையாமல் வைப்பதற்காகக் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். டீச்சரின் தாத்தா காலத்தில் ஒரு புயல் அவர்களுடைய ஓலைக் குடிசையைத் தூக்கிக்கொண்டு போனபோது, பாத்திரம் பண்டங்களோடு அந்த அறைக்குள் புகுந்தவர்கள் பிறகு வெளியேறவே இல்லை. டீச்சரின் அப்பா அங்கேதான் பிறந்தார். தோப்புகளில் தேங்காய் உரிப்பது அவர் வேலை. அவருடைய மனைவி சுவருக்கு வெள்ளையடித்து, கல் கூரையின்மேல் பூசணிக்கொடி ஏற்றிவிட்டிருந்தார். ஒழுகாத வீடு; சித்திரையிலும் குளிர்ந்த வீடு. அந்தப் பக்கத்தில் நான் பார்த்த வீடுகளில் மிகவும் உறுதியானது அதுதான்.

தமிழய்யா உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். சைவ ஆசாரம் குறையாத குடும்பம். வெளியே எங்கு போனாலும் ஒரு பித்தளைக் கூஜாவில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டு போவார். அந்நிய வீட்டில் ஒரு மிடறு நீர் அருந்தமாட்டார். அருவியில் குளிக்கக் குற்றாலத்துக்குப் போகும்போதும் கூஜா கூடவே போகும். "குத்தாலத்துக்கே தண்ணி சொமக்க ஒரே ஆளு நம்ம தமிழய்யாதான்" என்று தெருவில் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் எழுத்துப் பிழையைப் பார்த்துவிட்டால் சிரிப்பு போய்விடும். கடைப் பலகையில் ஒற்று விடுபட்டிருந்தால் கடைக்குள் ஏறிச் சொல்லாமல் நகரமாட்டார். நெஞ்சுப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். அவருடைய மனைவியைத் தெருவே ஆச்சி என்றுதான் அழைத்தது. ஒரே மகள், அவளுக்குத் திருநெல்வேலியில் ஒரு சம்பந்தம் பேச்சிலிருந்தது.

ஒவ்வொரு சீசனுக்கும் தென்காசியில் ஓர் அச்சகத்து அண்ணாச்சி, வெளியூர்க்காரர்களுக்காக ஒரு சிறு கையேடு போடுவார். அருவிகள், சித்திரசபை, நடுவே பிளந்து மொட்டையாக நின்ற தென்காசிக் கோபுரம், சுற்றுவட்டாரத்துப் பழைய அரண்மனைகள், கோட்டைகள், சமாதிகள் என்று காண வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, மீதிப் பக்கங்களில் தைலத்துக்கும் விடுதிக்கும் விளம்பரம் போடுவார். அவ்வருடம் வடகரைப் பக்கத்துக் கோட்டையையும் சேர்த்தார். அவர் எழுதிய மூன்று வாக்கியங்கள் இவை என்று பிறகு அவரே சொன்னார்: கோட்டையின் தென்மேற்கு மூலையில் ஒரு கல் அறை உண்டு. அங்கே வெடிமருந்து வைத்திருந்தார்களாம். யாருக்காகக் கட்டியது என்று தெரியவில்லை. அச்சுப்படி பார்த்துத் தந்தவர் தமிழய்யா. கல்லையும் அறையையும் பிரித்துப் போட்டிருந்ததைக் கண்டு அவர் கை சும்மா இருக்கவில்லை. சிவப்புப் பென்சிலால் ஒரு வளைவு போட்டு இரண்டையும் சேர்த்தார். லகரம் முறைப்படி இரட்டித்தது. அதன் பிறகு ஒரு பல்பொடி விளம்பரம் வந்து சேர்ந்தது. இடம் போதவில்லை. அண்ணாச்சி வெடிமருந்து வாக்கியத்தை எடுத்துவிட்டார். அச்சில் வந்தது இவ்வளவுதான்: "கோட்டையின் தென்மேற்கு மூலையில் ஒரு கல்லறை உண்டு. யாருக்காகக் கட்டியது என்று தெரியவில்லை."

எதற்கு ஆள் வரும், எதற்கு வராது என்று இன்றுவரை என்னால் கணிக்க முடிந்ததில்லை. கோட்டை என்றிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். பெயர் தெரியாத ஒருவரின் கல்லறை என்றதும் வந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, பொழுது போகாமல் வாடகைக் காரிலும் பஸ்ஸிலும் வந்தார்கள். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். உள்ளே டீச்சரின் அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பார். "காவல்காரங்க போலிருக்கு" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, நிலைக்கல்லில் பூ வைத்தார்கள். கோட்டை ராணியின் சமாதி என்று ஒரு கூட்டம் மஞ்சளும் குங்குமமும் வைத்தது. சண்டையில் செத்த வெள்ளைக்காரத் துரை என்று இன்னொரு கூட்டம் சுருட்டுப் பற்றவைத்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனது.

டீச்சரின் அப்பா முதலில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். துரைக்கு வந்த சுருட்டையெல்லாம் அவரே குடித்தார். "தொர நல்ல மனுசன். எனக்குன்னே செத்திருக்கான்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஒரு நாள் அவர் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் வாசலில் சூடம் ஏற்றி, அவர் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அன்றோடு சிரிப்பு நின்றது. "நான் பொறந்த எடம் சேவிகாம்மா. எங்கம்ம என்னயப் பெத்துப்போட்ட எடம். உசுரோட இருக்கவன முன்னால வச்சிக்கிட்டுச் சூடம் பொருத்துதானுவ!" என்றார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர், உரிக்க வேண்டிய தேங்காய் எதுவும் இல்லாதபோதும், கடப்பாரையைத் தரையில் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் இதை உடனே உணர்ந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்களுக்குக் கல்லறை என்ற சொல் தீட்டில்லை. ஈஸ்டர் விடியலில் மெழுகுவர்த்தியோடும் பூவோடும் போய் நிற்கிற இடம். அந்தச் சொல் வேறொரு வீட்டுக் கூரையில் ஏறி உட்கார்ந்தால் என்ன எடை கூடும் என்பதை அந்த பஸ் யாரையும் இறக்காமல் போன நாளில்தான் அறிந்தேன்.

டீச்சருக்கு ஒரு சம்பந்தம் பேசி முடியும் தறுவாயில் இருந்தது. மாப்பிள்ளைக்குச் சிவகிரிப் பக்கம், பட்டாளத்தில் இருந்தார், லீவில் வந்திருந்தார். பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்த்துப் பிடித்துப்போயிற்று. பாலர் பள்ளிக்கு வந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, லெஃப்ட் ரைட் போட வைத்து, தானும் அவர்களோடு நடந்தார். டீச்சர் அன்று சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான்: கை நனைப்பது. அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் முதன்முதலாக உட்கார்ந்து சாப்பிட்டால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அதுவரை வெற்றிலையைக்கூடத் தொடமாட்டார்கள். நாள் குறித்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதுவும் நடக்காது. அதற்குள் லீவும் முடிந்துவிடும்.

குறித்த நாளில்தான் அந்த பஸ் வந்தது. கண்டக்டர்கள் அதற்குள் அந்த நிறுத்தத்துக்குப் பெயர் மாற்றியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் டிக்கெட் கேட்டபோதே, "கல்லறைக்கா? போறதுக்கு மட்டுந்தான் ஆச்சி டிக்கெட்டு, ரிட்டன் கெடையாது" என்று கண்டக்டர் வேடிக்கை பண்ணியிருக்கிறார். நிறுத்தம் வந்ததும், "கல்லறை ஆளெல்லாம் எறங்கு!" என்று கூவியிருக்கிறார். அந்த அம்மாள் இறங்கவில்லை. மறுநாள் ஆள் வந்து சொன்னார்: "கல்லறைல போயி கை நனைக்க முடியாதுன்னுட்டாவ. குத்தமா நெனைக்காதிய."

டீச்சர் அழவில்லை. ஆறிய சோற்றைப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, பாத்திரங்களைத் துலக்கினாள். துலக்கிய பாத்திரங்களையே மறுபடியும் துலக்கினாள்.

நான் தென்காசிக்குத் திரும்பி, தமிழய்யாவிடம் நடந்ததைச் சொன்னேன். குற்றம் சாட்டச் சொல்லவில்லை. ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கத்தான் போனேன். அவர் கையேட்டை எடுத்து அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்? கல்லும் அறையும் சேந்தா கல்லறைதான? வேற எப்படி எழுத?" என்றார். தப்பு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சுவருக்கு அப்பால் அவர் முற்றத்தில் நடக்கும் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டேயிருக்கும். நடந்துகொண்டே தமக்குள் பிரித்துச் சொல்லிப் பார்ப்பார்: கல்... அறை. கல்... அறை. உள்ளேயிருந்து ஆச்சி, "வெளக்கு வச்ச நேரத்துல என்ன வார்த்தைய ஓதிக்கிட்டுக் கெடக்கிய? சவத்த விடுங்க!" என்று கத்துவார். "சவத்த" என்ற சொல்லைக் கேட்டதும் இன்னும் வேகமாக நடப்பார்.

பள்ளி விட்டதும் குற்றாலத்துக்கு பஸ் ஏறுவார். தைலக்கடையிலும் பழக்கடையிலும் விற்பனைக்குத் தொங்கிய கையேடுகளைக் கெஞ்சி வாங்கி, சிவப்புப் பென்சிலால் அந்த ஒரு சொல்லை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பார். வாழ்நாள் முழுவதும் பிரிந்ததைச் சேர்த்து வைத்த கை, சேர்ந்ததைப் பிரிக்கத் திணறுவதை நான் உடன் நின்று பார்த்தேன். கோடு போட்ட பிரதியைப் பார்த்த ஒரு கடைக்காரர், "அடிச்சுப்போட்ட பொஸ்தகத்த எவன் வாங்குவான் சாமி?" என்று பறித்துக்கொண்டார். பிறகு தமிழய்யா கண்டக்டரிடம் போனார். பஸ் நிலையத்தில், கூட்டத்தின் நடுவே, நடந்த உரையாடல் அது.

"தம்பி, அது கல்லறை இல்ல. கல்... அறை. நடுவுல கொஞ்சம் எடவெளி விட்டுச் சொல்லணும்."

"அய்யா, நான் எடவெளி விட்டுச் சொல்லி முடிக்கதுக்குள்ள பஸ்சு வடகரைக்குப் போயிரும்லா."

"அப்ப கோட்டைன்னு சொல்லேன்."

"கோட்டைன்னா செங்கோட்டைக்காரன்லாம் எறங்கிருதான் அய்யா. நேத்து ஒரு கெழவர எறக்கிவிட்டுட்டு நான் வாங்கின ஏச்சு உங்களுக்குத் தெரியாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தமிழய்யா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அச்சில் வந்த சொல்லைத் திருத்தலாம். வாயில் ஏறிய சொல்லைத் திருத்த எந்த நிறப் பென்சிலும் இல்லை என்பதை அவர் அங்கே கண்டிருக்க வேண்டும்.

இடையில் மாப்பிள்ளை தனியாக என் அலுவலகத்துக்கு வந்தார். நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார். "தில்லியில எங்க கேம்ப்ப சுத்தி அம்புட்டும் சமாதிதான் மேடம். ஹுமாயூன் சமாதின்னு ஒண்ணு, அரமணை தோத்துப்போவும். சின்னச் சின்னதா பேரில்லாததும் கெடக்கு; அதுமேல நாங்க துணி காயப்போடுவோம். தாஜ்மஹாலுக்கு ஒலகமே வருது. இத எங்கம்மாட்டச் சொன்னேன். 'பாக்கப் போலாம்லே, பொண்ணு எடுக்கப் போகக்கூடாது'ங்கா. இதுக்கு என்ன பதில் சொல்ல?" அம்மாவை மீறிக்கொண்டு அவர் தாலி கட்டிவிடலாம்தான். ஆனால் அவர் லீவு முடிந்து போய்விடுவார்; டீச்சர் அந்த அம்மாளோடுதான் சிவகிரியில் இருக்க வேண்டும். அதை அவரும் யோசித்திருந்தார்.

தமிழய்யா சிவகிரிக்குப் போய் நேரில் பேசுவதென்று முடிவு செய்தார். என்னையும் அழைத்துக்கொண்டார். கூஜா வந்தது, குடை வந்தது. மாப்பிள்ளையின் தாயார் முற்றத்தில் பாய் விரித்தார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். தமிழய்யா வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"கல்லுன்னா கருங்கல்லு. அறைன்னா ரூம்பு. ரெண்டும் சேரும்போது எழுத்து இரட்டிக்கும். சமையலறை, பள்ளியறைங்கோம்லா, அந்த மாதிரி இதுவும் ஒரு அறைதான்."

அந்த அம்மாள் கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சமையலறையில சமைப்பாவ. பள்ளியறையில படுப்பாவ. கல்லறையிலயும் படுக்கத்தான் செய்வாவ அய்யா. எந்திரிக்கதுதான் கெடையாது."

அவருடைய மகன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். தமிழய்யா விடவில்லை. வெடிமருந்தைச் சொன்னார், பல்பொடி விளம்பரத்தைச் சொன்னார், தம் சிவப்புப் பென்சிலை எடுத்துக் காட்டி, "இந்தக் கைதாம்மா சேத்துவச்சிது. அது வீடு. சத்தியமா வீடு" என்றார். அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் இளகியது போலிருந்தது. பாயில் கிடந்த கூஜாவைப் பார்த்தார். தாம் வைத்த தண்ணீர் தொடாமல் இருப்பதையும் பார்த்தார். கோபமில்லாமல், அறிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்:

"வீடுங்கியளே அய்யா, நீங்க அங்கன கை நனைச்சிருக்கியளா?"

திரும்பி வந்த பஸ்ஸில் தமிழய்யா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மழை ஜன்னல் வழியாக அவர் மடியில் விழுந்தது, நகர்ந்துகூட உட்காரவில்லை.

நான் இதை டீச்சரிடம் சொன்னேன். அவள், "அய்யா சாப்பிட வருவாவளா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ முறை அந்த வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். என் கை நனைந்தது யார் கணக்கிலும் வரவில்லை. நான் கிறிஸ்தவ வேதக்காரி, உத்தியோகத்தில் இருப்பவள், எங்கும் சாப்பிடுகிறவள். எங்கும் சாப்பிடாத ஒருவர் வந்து சாப்பிட்டால்தான் ஒரு வீடு வீடாகும் என்றால், அந்த நியாயத்துக்கு நாம் துணை போகலாமா? நான் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசுவதெல்லாம் இதற்கு நேர் எதிரானதல்லவா? இதை அப்படியே அவளிடம் கேட்டேன்.

"அக்கா, நீங்க சொல்லுதது சரிதான்" என்றாள். "ஆனா ஆடி பெறக்கதுக்குள்ள ஒலகம் மாறிருமா? அவுக லீவு முடிஞ்சிரும். இருக்கத வச்சித்தான செய்யணும். மாத்த வேண்டியத நீங்க பைய மாத்துங்க. எனக்கு இந்த மாசம் மட்டும் போதும்."



தமிழய்யாவிடம் நான் கேட்கவில்லை. டீச்சரின் அப்பாவே போய்க் கேட்டார். வாசலிலேயே நின்று, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுல ஒரு வாய் சாப்பிடணும் அய்யா" என்றார். ஆச்சி உள்ளிருந்து வந்துவிட்டார். "அவிய எங்க அக்கா வீட்டுலயே பச்சத்தண்ணி குடிக்க மாட்டாவ. ஒம்ம வீட்டுலயா?" என்றார். தமிழய்யா முற்றத்தில் நடக்கத் தொடங்கினார். டீச்சரின் அப்பா சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் செருப்புச் சத்தம் ஓயவில்லை. அவருக்கு எதிரே இருந்தது வெறும் அருவருப்போ பிடிவாதமோ அல்ல. அதை நான் அறிவேன். விஷயம் திருநெல்வேலிக்குப் போகும். அவர் மகளுக்குப் பேசியிருந்த இடம் அவரைவிட ஆசாரமானது. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக இன்னொரு பெண்ணின் கல்யாணத்தைத் தராசுத் தட்டில் வைக்கச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? இரவல் நியாயம் பேசுவது எனக்கு எளிது. அந்த மகள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள்; நான் வைத்திருந்த புத்தகங்களை வாங்கிப் படிக்கிறவள். ஒரு மாலை, பின்வாசலில் நின்று, "எங்க அப்பா போவணுமா வேண்டாமாக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். "எனக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கூஜா இல்லாமல் வந்தார். மாப்பிள்ளையின் தாயாரையும் தாய்மாமனையும் மாப்பிள்ளையே சொல்லிக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் மேட்டுக்குக் கீழே புளியமரத்தடியில் நின்றார்கள், மேலே ஏறவில்லை. பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் சிலரும் என்ன நடக்கிறதென்று தெரியாமல் நின்றார்கள். டீச்சரின் அம்மா புதுப்பானை வாங்கி, சைவமாகச் சமைத்திருந்தார். நிலைக்கல் தாழ்வு என்று நான் எச்சரிப்பதற்குள் தமிழய்யா நெற்றியை இடித்துக்கொண்டார். திருநீறு கல்லில் ஒட்டிக்கொண்டது. "இதுவரைக்கும் பூவும் குங்குமமுந்தான் வச்சாவ. இப்ப திருநீறும் ஆச்சு" என்றார் டீச்சரின் அப்பா. தமிழய்யா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் அவரால் உள்ளே போயிருக்க முடியுமா என்று தெரியவில்லை.

வெளியிலிருந்து பார்க்கும்படி வாசலுக்கு நேரே இலை போடச் சொன்னார். டீச்சர் தண்ணீர் ஊற்ற, கை கழுவினார். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. பிசைந்த கை இலையிலேயே சற்று நேரம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. ஒரு வாய் போதும் என்றுதான் அழைத்திருந்தார்கள். எல்லோரும் அவர் எழுந்துவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் எழவில்லை. ரசம் கேட்டார். ரசத்துக்கு மறுசோறு கேட்டார். "பூசணிக்கா கூட்டு கொஞ்சம் வைம்மா. மேல காய்ச்சதா இது?" என்று கூரையைக் காட்டிக் கேட்டார். "ஆமாய்யா" என்று சொல்லி டீச்சர் இன்னொரு கரண்டி வைத்தாள். மோர்வரை சாப்பிட்டு முடித்தார்.

மாப்பிள்ளையின் தாயார் மேட்டில் ஏறி வந்தார். வாசலில் நின்று உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தார்: வெள்ளைச் சுவர், அடுக்குப் பானை, ஆணியில் தொங்கிய பாலர் பள்ளி மணி. "ஏட்டி, எனக்கு எலை எங்க?" என்று டீச்சரிடம் கேட்டார். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்து, "அங்கனயே நிக்கியே, வாடே. பண்டிதரு கையே நனைஞ்சாச்சி, நம்ம கையி என்ன பெரிய கையி?" என்றார்.

ஆனி முடிவதற்குள் குற்றாலநாதர் சன்னதியில் தாலி கட்டினார்கள். மாப்பிள்ளை லீவு முடிந்து போனார். டீச்சர் சிவகிரிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கிறேன். தில்லியில் அந்தச் சமாதிகளையும் பார்த்தேன். அவற்றின் அழகில் குறையொன்றுமில்லை. ஆனால் ஒரு பழைய கட்டடத்தைப் பற்றிக் காண வேண்டியது என்று எழுதியிருப்பதைப் படித்தால், அதற்குள் யார் அடுப்பு எரிகிறதோ என்று என் கண் மூலைகளைத் தேடுகிறது. நின்று ரசிக்க முடிவதில்லை.

தமிழய்யா சாப்பிட்ட செய்தி நாங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திருநெல்வேலிக்குப் போனது. ஆவணியில் அங்கிருந்து ஓர் ஆள் வந்து, பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆச்சி என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் வேறு தெருவுக்கு வீடு மாறினேன். மகள் அடுத்த வருடம் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அவளைப் பெண் கேட்டு நெடுங்காலம் யாரும் வரவில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களில் தமிழய்யாவுக்குப் பந்தியில் இலை போடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வடகரை பஸ் ஏறிப் போய், டீச்சரைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்ட அந்தக் கல் வீட்டில், தேங்காய் உரிக்கிறவரோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவார்.